பட்டியலில் இல்லாத பதினாலு பேர்

அத்தியாயம் 9

அறுபத்தெட்டு சதவீதம். மூன்று நாளாக அந்த வீட்டில் இந்த எண்ணைச் சொல்லாத வாய் இல்லை, வாலுவின் வாயைத் தவிர.

யாரும் போக மாட்டேன் என்று கைகழுவிய பள்ளிக்கூடத்துக்கு ஒன்றரை வருடம் முன்பு தலைமையாசிரியையாகப் போனவள் அக்கா. போன வருடம் ஒன்பதாம் வகுப்பு மாவட்டத் தேர்வில் நூற்றுக்கு நாற்பத்தொரு பேர்தான் தேறினார்கள். தொடர்ந்து இரண்டு வருடம் அறுபத்தைந்துக்குக் கீழே போகும் பள்ளியை இழுத்து மூடி, பிள்ளைகளை நெடுஞ்சாலைக்கு அப்பால் உள்ள பள்ளியோடு சேர்த்துவிட வேண்டும் என்பது மாவட்டத்தின் விதி. இந்த வருடம் அறுபத்தெட்டு. பள்ளி பிழைத்துவிட்டது.

இன்று மாலை மூன்று மணிக்கு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் ஆய்வுக் கூட்டம். எல்லாத் தலைமையாசிரியர்களுக்கும் முன்னால் அக்காவுக்குப் பாராட்டு. அந்தக் கூட்டத்துக்கான கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவன், அதே அலுவலகத்தின் புள்ளிவிவரப் பிரிவில் வேலை பார்க்கும் அவளுடைய தம்பி. தம்பியின் மகள் வாலு அத்தையின் பள்ளியில்தான் ஒன்பதாவது படிக்கிறாள். 'உங்க அக்கா ஸ்கூல் வேண்டாம்' என்று அவளுடைய அம்மா தலைபாடாக அடித்துக்கொண்டும் எடுபடவில்லை. போன வாரம் அதே பேச்சு மறுபடி கிளம்பி, சாப்பாட்டுத் தட்டுகள் பாதியில் நின்றதைப் பார்த்தோம்.

காலை எட்டு மணி. வாலு ஒரு ஷூவின் கயிற்றைப் பத்து நிமிடமாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இன்னிக்கு நான் லீவு போட்டுக்கட்டுமா?"

"ஏன்? உடம்பு சரியில்லையா?"

"பிரேயர்ல எல்லாரும் எழுந்து அத்தைக்குக் கை தட்டணுமாம். எனக்குக் கை வலிக்குது."

தம்பி சிரித்துவிட்டான். "கை தட்டறதுக்கு லீவு கேட்ட முதல் ஆள் நீதான். கிளம்பு, கிளம்பு."

மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவன் மனைவி சிரிக்கவில்லை. மகளின் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். "இவ சரியா பேசியே ரெண்டு மாசம் ஆகுது. உங்களுக்குத்தான் எதுவும் கண்ணுல படாது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அலுவலகத்தில் நாற்பத்தாறு பள்ளிகளின் கணக்கு அவனுக்காகக் காத்திருந்தது. பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"உங்க அக்கா ஸ்கூல் ராக்கெட் விட்ட மாதிரி போயிருக்கு சார்! ஸ்வீட் எங்கே?"

"கூட்டம் முடியட்டும் சார்."

"நாற்பத்தொண்ணுல இருந்து அறுபத்தெட்டு! வீட்டுல நீங்களும் அவங்க சொல்லிக்கொடுத்த பிள்ளைதானே? அப்புறம் ஏன் இன்னும் கிளார்க்காவே இருக்கீங்க?"

இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே தம்பி அக்கா பள்ளியின் பக்கத்தைத் திறந்தான். தேர்வு எழுதியவர்கள் நூற்றியாறு பேர். தேறியவர்கள் எழுபத்திரண்டு பேர். வகுத்தால் அறுபத்தெட்டு. சரி.

அவன் கை டிக் போடப் போனது. போடவில்லை. வருடத் தொடக்கத்தில் அந்த வகுப்பில் நூற்றிருபது பிள்ளைகள் இருந்தது அவனுக்கு நினைவிருந்தது. வாலுவின் நோட்டுக்கு அட்டை போட்ட அன்று அவள்தான் சொன்னாள், 'நூத்தி இருபது பேருக்கு ரெண்டே ரெண்டு ஃபேன்ப்பா' என்று.

மாணவர் பதிவேட்டைத் திறந்தான். பதினாலு வரிகள். பதினாலு பேரும் தேர்வுக்கு முதல் நாள், நாலாம் தேதி, 'வேறு பள்ளிக்கு மாற்றம்'. தேர்வு வாரம் முடிந்து பதினொன்றாம் தேதி பதினாலு பேரும் 'மறுசேர்க்கை'. அதே பள்ளியில்.

பதிவேட்டில் பெயர்கள் கிடையாது. மாணவர் எண்ணும் பிறந்த தேதியும் மட்டும்தான். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டு இறங்கினான். ஒன்பதாவது வரியில் விரல் நின்றது.

அந்தத் தேதியில்தான் மருத்துவமனை வராந்தாவில் அவன் கையில் ஒரு துணிப் பொட்டலத்தைக் கொடுத்து, 'பொண்ணு சார், பத்திரமா பிடிங்க' என்றாள் நர்ஸ்.

பக்கத்து மேஜைக்காரர் ஏதோ கேட்டார். அவன் காதில் விழவில்லை. பைக் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

பள்ளிக்கூடம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நுழைவாயிலில் வண்ணக் காகிதம் ஒட்டி, அறுபத்தெட்டு என்று ஆளுயரத்துக்கு எழுதியிருந்தார்கள். அக்கா தன் அறையில் நின்றுகொண்டே கூட்டத்தில் பேச வேண்டியதைப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாடா! நீயே வந்துட்டே? நான்தான் அங்கே வரணும்னு நினைச்சேன்..." அவன் முகத்தைப் பார்த்ததும் காகிதத்தை மேஜையில் வைத்தாள். "என்ன?"

அவன் கதவைச் சாத்தினான். "பதினாலு பேர்."

அக்கா மெல்ல நாற்காலியை இழுத்தாள். உட்கார்ந்தாள். எதிர் நாற்காலியைக் காட்டினாள். அவன் உட்காரவில்லை.

"எல்லாம் விதிப்படிதான். பரீட்சை அன்னிக்குப் பதிவுல யாரு இருக்காங்களோ அவங்கதான் கணக்கு. சுற்றறிக்கை உங்க ஆபீஸ்ல இருந்துதானே வந்துது?"

"விதியைப் பத்திக் கேக்க வரல அக்கா. ஒன்பதாவது வரியில என் பொண்ணு இருக்கா."

"தெரியும். நான்தானே எழுதினேன். அவளுக்கு ஸ்கூல்ல கொடுத்திருக்கிற நம்பரும் என்னுதுதான், பேரை எடுத்த மெசேஜ் எனக்குத்தான் வந்துது."

"எப்படி மனசு வந்துது உனக்கு?"

"வரலடா." அக்காவின் குரல் முதல்முறையாகத் தாழ்ந்தது. "பதினாலு பேர் கண்டிப்பா தேற மாட்டாங்கன்னு கணக்கு டீச்சரும் சயின்ஸ் டீச்சரும் எழுதிக் கொடுத்தாங்க. உன் பொண்ணு அதுல இருந்தா. அவளை மட்டும் எடுத்துட்டு மத்த பதிமூணு பேரை மட்டும் தள்ளி வச்சா அது என்ன நியாயம்? அந்தப் பிள்ளைங்களைப் பெத்தவங்க முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

"இதுக்குப் பேரு நியாயமா?"

"இல்ல. ஆனா மூடிட்டா என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமா? நானூத்தி எழுபது பிள்ளைங்க. அந்த ஆறு வழிச் சாலையைத் தாண்டிப் போகணும். பாதிப் பொண்ணுங்களை வீட்டுல அனுப்பவே மாட்டாங்க. பதினாலு பேரை ஒரு வாரம் ஓரமா உட்கார வச்சேன். மத்தவங்களுக்கு ஸ்கூல் இருக்கு. எனக்கு வேற வழி தெரியல."

தம்பி ஜன்னலைப் பார்த்தபடி நின்றான். "நான் எட்டாவதுல ஃபெயில் ஆனேன். எல்லாரும் மெக்கானிக் ஷாப்ல விடுங்கன்னாங்க. நீ ஒரு வருஷம் என் பக்கத்துலயே உட்கார்ந்து படிக்க வச்சே. அன்னிக்கு என்னைப் பட்டியல்ல இருந்து எடுக்கலையே அக்கா."

"அன்னிக்கு எனக்கு நீ ஒருத்தன்தான்டா. நீயும் ஒழுங்கா உட்காராம அழ விட்டே." சொல்லும்போதே அவள் கண் கலங்கியது. உடனே துடைத்துக்கொண்டாள். "இப்ப என்ன செய்யப்போறே?"

"அறுபத்தெட்டுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்."

"போடாதே. அதுக்கப்புறம் இந்த ஸ்கூலைப் பூட்டற சாவியை நீயே வந்து வாங்கிட்டுப் போ."

அவன் வெளியே வந்தபோது மதிய இடைவேளை. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் வாலு தனியாக நின்றிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் ஓடி வரவில்லை.

"தெரிஞ்சுபோச்சா அப்பா?"

"ஏம்மா எங்ககிட்டச் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? நான் மக்குன்னா?"

அவன் அவள் தலையில் கை வைக்கப் போனான். அவள் விலகி நின்றாள்.

"பரீட்சை நல்லா எழுதினேன்னு அம்மாகிட்ட அஞ்சு நாளும் பொய் சொன்னேன்பா. மார்க் இன்னும் தரலன்னும் சொன்னேன். லைப்ரரியில உட்கார்ந்து பழைய அட்லாஸைப் புரட்டிட்டு இருந்தோம். பக்கத்து ரூம்ல பெல் அடிக்கிறப்பல்லாம் எங்களுக்கும் திக்குனு இருக்கும்." பெல் அடித்தது. அவள் வகுப்புக்குப் போய்விட்டாள்.

மூன்று மணி. நீள மேஜையைச் சுற்றி நாற்பத்தாறு தலைமையாசிரியர்கள். தலைப்பக்கத்தில் கல்வி அதிகாரி. அதட்டிப் பேசாத மனிதர். அதனாலேயே அவரிடம் எல்லோருக்கும் பயம். மேஜை ஓரத்தில் பூங்கொத்து ஒன்று தயாராக இருந்தது. அக்கா ஐந்தாவது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அவள் பள்ளியின் முறை வந்தது. "புள்ளிவிவரம் படிங்க" என்றார் அதிகாரி.

தம்பி எழுந்தான். "பதிவு நூற்றிருபது. எழுதியவர் நூற்றியாறு. தேறியவர் எழுபத்திரண்டு. தேர்ச்சி... அறுபது சதவீதம்."

அதிகாரி தன் காகிதத்தைப் பார்த்தார். "என்கிட்ட அறுபத்தெட்டுன்னு இருக்கே?"

"அது பள்ளி அனுப்பினது சார். இது நான் சரிபார்த்தது."

அக்கா எழுந்தாள். குரலில் நடுக்கம் இல்லை. "சார், தேர்வு நாளன்று பதிவில் இருப்பவர்களைத்தான் கணக்கில் எடுக்கணும். அது நூற்றியாறுதான்."

தம்பி அவள் பக்கம் திரும்பினான். "பதினாலு பேரை நாலாம் தேதி எடுத்திருக்கீங்க. பதினொண்ணாம் தேதி திருப்பிச் சேர்த்திருக்கீங்க, மேடம்."

அவளை அவன் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது அங்கே தெரியாதவர் யாருமில்லை.

"அந்தப் பதினாலு பேரும் அந்த வாரம் எந்த ஸ்கூல்ல இருந்தாங்க?" அதிகாரி மெல்லக் கேட்டார்.

அக்காவுக்கு ஒரு பொய் தேவைப்பட்டது. அவளுக்குக் கைவசம் இருந்த பொய்யெல்லாம் காகிதத்தில் எழுதக்கூடியவை. நேருக்கு நேர் சொல்ல வராது.

"என் ஸ்கூல்லதான் சார். லைப்ரரியில."

யாரோ ஒருவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்த சத்தம் கேட்டது. அதிகாரி தம்பியைப் பார்த்தார். "அந்தப் பதினாலுல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது?"

"என் பொண்ணு சார்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"மாற்று வினாத்தாள் ஒரு கட்டு சீல் பிரிக்காம இருக்கு. திங்கட்கிழமை காலையில பத்து மணி. என் ஆபீஸ் ஆளுங்க வந்து நடத்துவாங்க. பதினாலு பேரும் எழுதட்டும். வராதவங்க தேறாதவங்க. மொத்தம் நூற்றிருபதுக்கு எழுபத்தெட்டு வந்தா ஸ்கூல் இருக்கும். அதாவது இன்னும் ஆறு பேர். வரலைன்னா மூடறதுக்கு நான் கையெழுத்துப் போடுவேன். அம்மா, உங்க விஷயத்தை அதுக்கப்புறம் பேசுவோம். அடுத்த பள்ளி."

பூங்கொத்தை யாரும் தொடவில்லை.

மாலை ஐந்தரை மணிக்குத் தம்பி வீட்டு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தது அவன் மனைவி. வாசலில் அக்கா. மனைவி 'வாங்க' என்று சொல்லவில்லை. கதவில் வைத்த கையையும் எடுக்கவில்லை.

"எம் பொண்ணு ரெண்டு மாசமா சரியா சாப்பிடல அண்ணி. நான் அவளுக்கு ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன். எல்லாம் நார்மல்னு வந்துது." அவள் குரல் உடைந்தது. "அப்ப எனக்குப் புரியல."

"நான் உன்கிட்டப் பேச வரலம்மா. பேச எனக்கு முகமில்ல. அவகிட்ட ஒரு வார்த்தை."

உள்ளேயிருந்து வாலுவே வந்தாள். அவளுக்குப் பின்னால் தம்பி.

"திங்கட்கிழமை பரீட்சை" என்றாள் அக்கா. "நாளைக்கும் நாளன்னிக்கும் நானே உட்கார்ந்து சொல்லித் தரேன். நீ வரணும்."

"இப்ப நான் வேணுமா அத்தை?"

முப்பது வருடமாகப் பிள்ளைகளைக் கேள்வி கேட்டே பழகியவள் ஒரு பிள்ளையின் கேள்விக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"அன்னிக்கே வேண்டியிருந்துது. எனக்குத் தைரியம் இல்ல" என்றாள் கடைசியில்.

வாலு தரையைப் பார்த்தாள். "மத்தவங்க வீட்டுக்கெல்லாம் போயிட்டீங்களா?"

"இல்ல. இதான் முதல் வீடு."

"போன்ல சொன்னா யாரும் வர மாட்டாங்க. உங்களைத் தனியாப் பார்த்தா கதவையே திறக்க மாட்டாங்க." அவள் செருப்பைத் தேடிக் கால்களை நுழைத்துக்கொண்டாள். "வாங்க, நானும் வரேன். ஆனா ஒண்ணு. உங்களுக்காக வரல."

மனைவி கதவிலிருந்து கையை எடுத்தாள்.

முதல் வீட்டில் லாரி ஓட்டுநர் ஒருவர் எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்டார். மகனைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தி, "இவங்க சொல்றதைக் கேட்டுக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். இரண்டாவது வீட்டில் ஒரு தாய் தெருவே திரும்பிப் பார்க்கத் திட்டித் தீர்த்தாள். அக்கா தலை குனிந்து நின்று முழுதும் கேட்டாள். திட்டி முடித்த பிறகு அந்தத் தாயே, "எத்தனை மணிக்கு அனுப்பணும்?" என்று கேட்டாள்.

தெரு திரும்பும் இடத்தில் வாலு தயங்கினாள். "அடுத்தது எங்க கிளாஸ் நெட்டை வீடு அத்தை. அங்க என்ன சொல்லப்போறீங்க?"

"இதையேதான்."

"யார்கிட்ட? அவதான் இல்லையே."

"எங்கே இல்ல?"

"லைப்ரரியில நாங்க பதிமூணு பேர்தான் இருந்தோம். அவ வரவே இல்ல. அதுக்கப்புறமும் வரல. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

அக்கா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பதினாலு பேர் என்று அவள் எண்ணியதெல்லாம் காகிதத்தில்தான். அந்த ஐந்து நாளில் ஒரு நாள்கூட லைப்ரரிக் கதவைத் திறந்து தலைகளை எண்ணவில்லை. திறந்தால் பிள்ளைகளின் கண்களைப் பார்க்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது வீட்டின் முன்னறையில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நெட்டையின் அம்மா வந்தவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். கோபம் இல்லை. அதுதான் அக்காவுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

"நீங்கதானே டீச்சர் பேரை எடுத்துட்டீங்க? போன்ல மெசேஜ் வந்துது. பள்ளியிலிருந்து விலக்கப்பட்டார்னு. ஓடி வந்தோம். கேட்டுல இருந்தவர் லிஸ்ட்டைப் பார்த்துட்டுப் பேர் இல்லம்மா, போங்கன்னுட்டார்."

"மறுபடி சேர்த்துட்டேனே! பதினொண்ணாம் தேதி..."

"அதுக்குள்ள அவ கிளம்பிட்டா டீச்சர். படிப்பு வராதுன்னு ஸ்கூலே சொல்லிடுச்சு, சும்மா வீட்டுல இருந்து என்ன பண்றதுன்னு, துணி கம்பெனியில இருக்கிற எங்க நாத்தனார் கூட்டிட்டுப் போயிட்டா. பஸ்ல ஆறு மணி நேரம். அங்கயே ஹாஸ்டல்." அவள் துணியில் குத்தியிருந்த ஊசியை எடுத்து மறுபடி குத்தினாள். "ரெண்டு நாள் அழுதா. அப்புறம் அவளே பையைக் கட்டிட்டா."

அக்கா பக்கத்தில் இருந்த ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். வாலுதான் அவளை உட்கார வைத்தாள்.

"நான் அவகிட்டப் பேசணும்."

அம்மா தன் போனில் எண்ணைப் போட்டுக் கொடுத்தாள். நாலு தடவை மணி போயிற்று. அக்கா போனை இறுகப் பிடித்துக் காதோடு வைத்திருந்தாள். எடுத்ததும் இயந்திரங்களின் இரைச்சல்தான் முதலில் கேட்டது.

"அம்மா? சீக்கிரம் சொல்லு, ஷிஃப்ட்ல இருக்கேன்."

"அம்மா இல்ல. நான்..." எத்தனையோ ஆயிரம் தடவை 'தலைமையாசிரியை பேசறேன்' என்று சொன்ன வாய் அதைச் சொல்ல மறுத்தது. "நான் உன் ஸ்கூல் மிஸ்."

அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும்.

"தப்பு என்மேலதான்மா. திங்கட்கிழமை பரீட்சை வச்சிருக்காங்க. நீ வந்து எழுதணும். ராத்திரி பஸ்ல நானே வந்து உன்னைக் கூட்டிட்டு வரேன்."

"எனக்கா பரீட்சை?" குரல் சின்னதாக இருந்தது. "இப்ப என் பேரு இருக்கா மிஸ்?"

"இருக்கு."

"நிஜமாவா? கேட்டுல இருக்கறவர் லிஸ்ட்லயும் இருக்கா?"

"இருக்கும்மா. நானே எழுதறேன். நீ..."

பின்னால் யாரோ அதட்டும் குரல். "ஏய், யாரு அது போன்ல?" அவ்வளவுதான். இணைப்பு அறுந்தது. அக்கா மறுபடி போட்டாள். அந்த எண் அணைக்கப்பட்டிருந்தது.

"என்ன சொன்னா டீச்சர்?" அம்மா இரண்டு கைகளையும் பிசைந்துகொண்டு கேட்டாள். "வர்றாளாமா?"

அக்கா போனை அவளிடம் நீட்டினாள். வாலு அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியல" என்றாள் அக்கா. எழுந்தாள். "அந்தக் கம்பெனி எந்த ஊர்? பஸ் எத்தனை மணிக்கு?"